ஜஸ்ட் நவ் என்று சொன்னவர்

பார்க்டேலில் நாங்கள் குடிவந்த முதல் கிழமை, கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்த உடுப்புத் தோய்க்கும் மெஷினை எப்படி இயக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். உயரமான ஒரு கறுப்பினப் பெண் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் ஒரு மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். என் பாதி ஆங்கிலத்தையும் கைச்சாடையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ கீழ போ. நான் ஜஸ்ட் நவ் வாறன்" என்றார்.

ஜஸ்ட் நவ் என்றால் இந்தா இப்பவே என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். உடுப்புக் கூடையோடு கீழே போய் நின்றேன். ஆட்கள் வந்தார்கள், தோய்த்தார்கள், காயவைத்து மடித்துக்கொண்டு போனார்கள். நான் கால் மாற்றி நின்றேன். மேலே போனால் அவர் கீழே வந்து என்னைக் காணாமல் தேடுவார் என்ற பயத்தில் போகவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் கடந்த பிறகு அவர் வந்தார். இரண்டு கையிலும் இரண்டு கோப்பை தேநீர். முகத்தில் அவசரமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. சொன்ன நேரத்துக்கே வந்தவரைப்போலச் சிரித்தபடி, "தேத்தண்ணி குடிச்சிட்டுத் தோய்ப்பம்" என்றார்.

அவர் ட்ரினிடாட்டில் பிறந்தவர். அங்கே ஜஸ்ட் நவ் என்றால் 'இப்ப இல்லை, பிறகு' என்று பொருள் என்பதைப் பல மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அந்தப் பிறகு பத்து நிமிடமாகவும் இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். அவர் பேசிய ஆங்கிலம் பாட்டுப்போல ஏறி இறங்கும். கேட்கக் கேட்க அது எனக்கு எங்கள் வீட்டுக் கதையாகவே கேட்கத் தொடங்கியதால், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் அவரை அன்ரி என்றேன். அவர்களுடைய ஊரிலும் அப்படித்தானாம், வயதில் மூத்த பெண்கள் எல்லாரும் அன்ரிதான். அவர் என்னை 'டூடூ' என்று கூப்பிடுவார். செல்லமாகச் சொல்வது அது.

அவரிடம் கைக்கடிகாரம் இல்லை. குசினிச் சுவரில் ஒரு மணிக்கூடு தொங்கியது. அது நின்று எவ்வளவு காலம் என்று அவருக்கே தெரியாது. பற்றரி மாற்றித் தரட்டுமா என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். "என்னத்துக்கு? சுவருக்கு வடிவா இருக்குது" என்றுவிட்டார்.

நான் அதற்கு நேர் எதிர். என் அப்பா யாழ்ப்பாண பஸ் டிப்போவில் ரைம் கீப்பராக இருந்தவர். பஸ் எப்போது வெளிக்கிட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்று குறிப்பதுதான் அவர் தொழில். எங்கள் வீட்டில் சோறும் நேரத்துக்குத்தான் வெந்தது. ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த வேலை பிளாஸ்ரிக் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில். மற்றவர்கள் காலைக் குளிரில் ஓடிவந்து மூச்சு வாங்க கார்ட் பஞ்ச் பண்ணும்போது நான் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து இரண்டாவது தேநீரைக் குடித்து முடித்திருப்பேன். என்னை மேற்பார்வையாளருக்கு மிகவும் பிடிக்கும்.

அன்ரிக்கு அப்படி ஒரு மேற்பார்வையாளரும் வாய்க்கவில்லை. முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்தார். எனக்குத் தெரிந்தே ஒரு இடத்தில் அவரை வேலையால் நிற்பாட்டினார்கள். இன்னோர் இடத்தில் பகல் வேலையிலிருந்து மாலை வேலைக்கு மாற்றினார்கள், மாலைக்காவது நேரத்துக்கு வருவார் என்று. அவர் அதையும் பெரிதாக எடுக்கவில்லை. "நல்லதாப் போச்சு, காலமை நித்திரை கொள்ளலாம்" என்றார்.

ஒருநாள் அவருடைய வீட்டுச் சாவி என்னிடம் மாட்டிக்கொண்டதால் அதைக் கொடுக்க அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கிழவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். கிழவர் ஒரு வாய் வாங்கிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அன்ரி அடுத்த கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருப்பார். வாயருகே கொண்டுபோவதும் இல்லை, கீழே வைப்பதும் இல்லை. கிழவர் தானாகத் திரும்பி வாயைத் திறக்கும் வரைக்கும் கரண்டி அந்தரத்திலேயே நின்றது. மற்ற மேசைகளைத் துடைத்துக் கதிரைகளை அடுக்கிவிட்டார்கள். ஒரு பெண் வந்து ஏதோ கடுகடுத்துவிட்டுப் போனாள். அன்ரி என்னைக் கண்டு கண்ணால் சிரித்தார். சாவியைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஆட்கள் நேரத்துக்கு வருகிறவர்களா என்று கேட்டால், இல்லைத்தான். ஸ்காபரோவில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குப் போனால் மண்டபக்காரன்தான் கதவு திறந்துகொண்டு நிற்பான். ஆனால் நாங்கள் பிந்தி வந்தால் கூச்சப்படுவோம். வாசலிலேயே ட்ராஃபிக் என்போம், பார்க்கிங் கிடைக்கவில்லை என்போம், பிள்ளை சத்தி எடுத்ததென்போம். அன்ரி ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

ஒரு கோடையில் அவருடைய மகளின் பிறந்தநாள் வந்தது. மகள் மொன்றியலில் படித்துக்கொண்டிருந்தவள், வந்திருந்தாள். "சனிக்கிழமை ஆறு மணிக்கு எல்லாரும் வாங்கோ" என்று அன்ரி சொல்லியிருந்தார். எதிர்வீடுதானே, நடந்துபோக நாலடி. நான் ஐந்து மணிக்கே என் மூன்று வயது மகளுக்குத் தலை வாரி இழுத்து, சட்டை போட்டு, கணவருக்கு ரை கட்டவைத்து, சேலை உடுத்து ஆயத்தமாக இருந்தேன். சரியாக ஆறு மணிக்கு அவர் வீட்டு மணியை அடித்தேன்.

கதவு கொஞ்சம் திறந்தது. அன்ரி ஒரு பெரிய துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றார். தலை முழுவதும் முடி சுருட்டும் உருளைகள். எங்களைக் கண்டதும் பதறிப்போனார்.

"என்ன நடந்தது? ஆருக்கும் ஏதாவதோ?"

"ஒண்டும் நடக்கேல்லை அன்ரி. பார்ட்டிக்கு வந்தனாங்கள்."

"பார்ட்டிக்கோ? இப்பவோ?"

"ஆறு மணி எண்டு சொன்னீங்கள்."

"ஆறு மணி எண்டால், ஆறு மணிக்கே வாறது?" என்று வாயில் கை வைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உள்ளே மகளைக் கூப்பிட்டு, "இஞ்ச வந்து பார், எனக்குக் கிடைச்ச அயலட்டையை!" என்றார். எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. கணவரின் ரையைக் கழற்றவைத்து அரிவதற்கு ஒரு முட்டைக்கோவாவையும் கத்தியையும் அவர் முன் வைத்தார். என்னிடம் ஒரு தும்புத்தடியைத் தந்தார். நான் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களுடைய முன்னறையைக் கூட்டினேன். மற்ற விருந்தாளிகள் ஒன்பது மணியளவில் வரத் தொடங்கினார்கள். என் மகள் அப்போது கட்டிலில் குவிந்திருந்த கைப்பைகளுக்கிடையில் நித்திரையாகிவிட்டாள்.

அடுத்தநாள் வந்து எனக்கு விளக்கம் சொன்னார். ஆறு மணி என்று சொல்வது ஆட்கள் குளிப்பதைப்பற்றி யோசிக்கத் தொடங்குவதற்காம். சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது மரியாதைக் குறைவாம். "வீட்டுக்காரி குளிக்காமல் நிக்கிறதைப் பாக்கத்தான் வந்தனி எண்டு நினைப்பினம்" என்றார். "அப்ப அங்க ஒண்டும் நேரத்துக்கு நடக்காதோ?" என்று கேட்டேன். "செத்தவீடு நடக்கும். அதுக்கு நாங்கள் முந்தியே போயிருவம். செத்த ஆளைக் காக்க வைக்கக் கூடாது. உயிரோட இருக்கிறவை ஒருத்தரை ஒருத்தர் காக்கலாம்" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பச்சைக் கோவா நாற்றம் இன்னும் கையில் போகவில்லை என்று முறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

சிரிப்பு எப்போதும் சிரிப்பாகவே இருக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில், தொழிற்சாலையில் ஒரு பின்னேரம் திடீரென்று ஓவர்ரைம் போட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அப்போது எனக்குத் துணிவில்லை. கணவருக்கும் வேலை. மகளுக்கு நாலு வயது, பகல் முழுவதும் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் விட்டிருந்தோம். அன்ரிக்கு அன்று லீவு. ஃபோன் எடுத்தேன். "ஐஞ்சரைக்குப் பூட்டிப்போடுவினம் அன்ரி. அதுக்கு முதல் போயிடுங்கோ" என்று இரண்டு தரம் சொன்னேன். "கவலைப்படாதை டூடூ" என்றார்.

வேலை முடிந்து பஸ்ஸில் வந்தபோது ஏதோ மனம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே அந்த நிலையத்துக்குப் போனேன். முன்பக்க விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு மர வாங்கில் என் மகள் பனிச்சட்டையும் தொப்பியும் சப்பாத்தும் போட்டபடி இருந்தாள். பக்கத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஆசிரியை. மகள் அழவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது.

நாங்கள் படியிறங்கும்போது அன்ரி தெருவில் வந்துகொண்டிருந்தார். கையில் மேற்கிந்தியக் கடைப் பை. அதிலிருந்து வள்ளிக்கிழங்கு எட்டிப் பார்த்தது. கடையில் யாரோ ஊராளைக் கண்டு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அட, நீயே வந்திட்டியோ?" என்றார்.

தெருவில் வைத்தே வெடித்தேன். ஆங்கிலம் போதாத இடத்தில் தமிழும் வந்தது. "உங்களுக்கு இது விளையாட்டு. எங்கட ஊரில பிந்தினால் ஆள் திரும்பி வராது, தெரியுமோ? என்ர பெரியண்ணை அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனவர். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதுக்கு முதல் வந்திருக்கவேணும். அம்மா படலையடியில நிண்டவ. ஆறு மணியாச்சு, ஏழு மணியாச்சு. விடியும் மட்டும் நிண்டவ. இண்டைக்கும் அவர் வரேல்லை. பிந்துறது எண்டால் எனக்கு அதுதான் அன்ரி. வேற ஒண்டும் இல்லை."

அவர் பையைப் பனியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "உந்தப் பிள்ளையை இனி என்னை நம்பி விடாதை. நான் அப்பிடிப்பட்ட ஆள். திருந்துவன் எண்டு உனக்குப் பொய் சொல்லமாட்டன்" என்றார். வேறு யாராவது இருந்தால் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், அடுத்த மாதம் திரும்பவும் பிந்தியிருப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று நடந்தேன்.

அதற்குப் பிறகு கன மாதங்கள் நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. லிஃப்டில் கண்டால் குளிரைப்பற்றி ஒரு சொல், வெயிலைப்பற்றி ஒரு சொல். அவர் கதவடியில் நின்று என் மகளுக்கு மட்டும் தேங்காய் இனிப்புக் கொடுப்பார். நான் தடுக்கவில்லை. அவ்வளவுதான்.

நாங்கள் பார்க்டேலுக்கு வந்து பத்து வருடம் முடிவதற்குள் அவர் ட்ரினிடாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். போகிற நாளில் விமான நிலையத்துக்கு நாங்கள்தான் கொண்டுபோனோம். அப்போது எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. பெட்டி கட்டி முடியவில்லை, யாருக்கோ போய்வருகிறேன் என்று சொல்ல மறந்துவிட்டார், பாதிவழியில் வந்து பாஸ்போட்டுக்காகத் திரும்பிப் போனோம். என் கணவர் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றார். போய்ச் சேர்ந்தால், பனிப்புயலால் விமானம் இன்னும் வந்தே சேரவில்லை. அன்ரி எங்களை ஒரு பார்வை பார்த்தார். "பாத்தீங்களோ? அங்க போற பிளேனுக்கும் எங்கட பழக்கம்தான்" என்றார். நாங்கள் மூன்று பேரும் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எனக்கு வந்தது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த விமான நிலையம் இல்லை. அதற்குப் பல வருடம் முந்திய ஒரு ஒக்ரோபர் நாள்தான்.

என் தம்பி ஊரைவிட்டு வெளிக்கிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கொழும்பு, பாங்கொக், பிறகு பெயர் தெரியாத ஊர்கள். நடுவில் மாதக்கணக்கில் ஒரு தகவலும் இருக்காது. பெரியண்ணைக்குப் பிறகு அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆண்பிள்ளை அவன். ஒரு பின்னேரம் ஃபோன் அடித்தது. "அக்கா, நான் பஃபலோவில நிக்கிறன். நாளைக்கு மத்தியானம் பாலத்தால கனடாவுக்குள்ள வருவன். நீங்கள் இஞ்சால வந்து நில்லுங்கோ" என்றான். குரல் அவனுடையதுபோலவே இல்லை. எனக்கு அன்று இரவு முழுக்க நித்திரை இல்லை.

எங்களிடம் அப்போது கார் இல்லை. மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவர் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். காலையில் அவர் ஃபோன் எடுத்தார். "குறை நினையாதை தங்கச்சி, வேலைக்கு வரச்சொல்லிப்போட்டாங்கள். நாளைக்கெண்டால் ஏலும்" என்றார். நாளைக்கு எப்படி? கணவர் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே கார், அன்ரியின் பழைய நீளக் கார்தான். நான் கொஞ்சநேரம் எங்கள் கதவின் உள்பக்கம் நின்றேன். பிறகு போய் அவர் கதவைத் தட்டினேன்.

நான் சொல்லி முடிக்கவில்லை. "உன்ர தம்பியோ?" என்றார். "ஓம் அன்ரி." "போவம். மகளையும் வெளிக்கிடுத்து" என்றார். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னார். "ஜஸ்ட் நவ்."

நானும் மகளும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டிலிருந்து வெங்காயம் பொரிகிற மணம் வந்தது. போய்ப் பார்த்தால் அவர் சமைத்துக்கொண்டிருந்தார். சீனியைக் கருக்கி, அதில் கோழியைப் பிரட்டி, துவரங்கொட்டையும் அரிசியும் போட்டு அவர்கள் செய்கிற பெலாவ் என்ற சோறு. "அன்ரி, மத்தியானம் எண்டு சொன்னவன். இப்ப வெளிக்கிட்டாலே காணாது" என்றேன். "வேகட்டும்" என்றார். நான் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். அந்தச் சோறு வெந்து முடிகிறவரைக்கும் அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தை இப்போதும் என்னால் சொல்லமுடியும்.

வழி முழுக்க நான் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்ட் ஈரியில் எல்லைப் பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் நன்றாகக் கடந்துவிட்டது. ஓடிப்போய்க் குடிவரவு அலுவலகத்தில் கேட்டேன். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார்கள். வந்துவிட்டுப் போனானா, திருப்பி அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, வரவேயில்லை.

காருக்குத் திரும்பி வந்து சொன்னேன். "அவன் வரேல்லையாம். மத்தியானம் எண்டவன் வரேல்லையாம் அன்ரி."

"அப்ப இன்னும் வரேல்லை. அவ்வளவுதான்" என்றார்.

"உங்களுக்கு விளங்காது."

"எனக்கு விளங்கும். நீ எனக்குத் தெருவில வைச்சுச் சொன்னனி."

அவர் அதை மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காரின் பின்கதவைத் திறந்து, மகளை இருத்தி, காலுக்கு ஒரு கம்பளி போர்த்தினார். தானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆசனத்தைப் பின்னால் சாய்த்தார். கடற்கரைக்கு வந்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள். ஆற்றுப்பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தில் லொறிகள் வந்துகொண்டே இருந்தன.

எங்களைப்போலவே காத்து நின்ற ஒரு தமிழ்க் குடும்பம் பக்கத்தில் இருந்தது. மாமனோ சித்தப்பனோ வரவேண்டியவர். அந்தக் குடும்பத்துத் தகப்பன் அடிக்கடி மணிக்கட்டைப் பார்த்தார். வெயில் சாயத் தொடங்கியதும் வந்து சொன்னார்: "இனி வராயினம் பிள்ளை. சொன்ன நேரம் எப்பவோ போட்டுது. அங்காலயே மறிச்சிருப்பாங்கள். இஞ்ச நிண்டு பிரயோசனம் இல்லை. வாங்கோ, நாங்களும் வெளிக்கிடுறம்." அவர்களுடைய கார் போன பிறகு அந்த இடத்தில் எங்களுடையது மட்டும் நின்றது.

"அன்ரி, போவம்" என்றேன். எனக்கு அழவும் வரவில்லை. "உங்களுக்குப் பின்னேரம் வேலை எல்லோ?"

அவர் இறங்கி ஃபோன் பெட்டிக்குப் போனார். திரும்பி வந்து ஏறினார்.

"என்ன சொன்னீங்கள்?"

"ஜஸ்ட் நவ் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

அன்று முழுவதும் முதல்தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அழுகையும் வந்தது. அவர் என் முதுகைத் தடவவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தார். மகளுக்குத் தன் ஊர் நண்டுகளைப்பற்றி ஏதோ கதை சொல்லத் தொடங்கினார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போனது என்று பார்க்க என் மணிக்கட்டைத் திருப்பியதும், பார்க்காமல் விட்டதும் ஞாபகம் இருக்கிறது. கோடைநாளில் மாங்காய் விழுவதற்காக மரத்தடியில் இருந்ததையும், அதில் முழு நாளும் போனதையும் சொல்லிக்கொண்டிருந்தார். காரின் கண்ணாடிகள் எங்கள் மூச்சுக் காற்றில் மங்கிவிட்டன.

வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரத்தில் பாலத்தால் வந்த ஒரு வெள்ளை வான் அலுவலக வாசலில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முகங்கள் தெரியவில்லை. ஓடினேன். உள்ளே கேட்டதற்கு, அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், விசாரணை நடக்கிறது, வெளியே காத்திருங்கள் என்றார்கள்.

நான் அந்த வாசலிலேயே நின்றேன். அன்ரி மகளைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். மறுபடியும் காத்திருந்தோம். ஆனால் இப்போது காத்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தபோது முதலில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. யாருடையதோ பெரிய ஜாக்கெற் தோளிலிருந்து தொங்கியது. கையில் ஒரு பிளாஸ்ரிக் பை மட்டும். "அக்கா" என்றான். நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு வருடமும் அந்த நாள் முழுவதும் நெஞ்சில் நின்றது மேலே வந்தது.

"ஏன்ரா இவ்வளவு நேரம்? மத்தியானம் எண்டெல்லோ சொன்னனி? நான் செத்தே போனன்..."

அன்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் என்ன கேட்கிறேன் என்று எப்படியோ அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அதைக் கேக்காதை" என்றார். "வந்த பிள்ளையிட்டை ஏன் பிந்தினாய் எண்டு கேக்கிறதில்லை. வந்திட்டான். பார், வந்திட்டான்."

பிறகு அவனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான்.

"சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா" என்றேன்.

அதுவரை கல்லாக நின்றவன் அப்போதுதான் உடைந்தான். தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினான். அவன் ஏன் பிந்தினான் என்பதை இரண்டு நாளுக்குப் பிறகு, தலை முழுகி, நித்திரை கொண்டு எழும்பி, அவனாகவே சொன்னான். பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்திருந்த சனம் கூடவாம். அவனுடைய முறை வரப் பின்னேரமாகிவிட்டதாம். அவ்வளவுதான் விஷயம்.

காரின் பின் ஆசனத்தில் அவனை இருத்தி, அன்ரி காலையில் சமைத்துக் கொண்டுவந்த பெலாவ் சட்டியைத் திறந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. மூடியிலேயே அள்ளிப் போட்டுக் கொடுத்தார். அவன் கையால் அள்ளிச் சாப்பிடத் தொடங்கியதும், அவர் காரைவிட்டு இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலத்தைப் பார்த்தபடி நின்றார். பசித்தவனை யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். என் மகள் மட்டும் மாமனை வாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஃபோன் பெட்டிக்குப் போய்க் கணவருக்கு எடுத்தேன். வேலையால் வந்து ஃபோனடியிலேயே இருந்திருக்கிறார், முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்திட்டான்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "எத்தினை மணிக்கு வந்து சேருவீங்கள்?" என்று கேட்டார்.

பெட்டியின் கண்ணாடியூடாகப் பார்த்தேன். கார்க் கதவு திறந்து கிடந்தது. தம்பி இரண்டாம் தரம் சோற்றுக்கு மூடியை நீட்டிக்கொண்டிருந்தான்.

"தெரியாது" என்றேன். "அவன் சாப்பிடுறான்."